இரண்டு முறை கொடுத்த மாத்திரை

அத்தியாயம் 11

‘கொடுத்தாச்சா?’ ஆப் வெளியாகி அன்று நான்காவது நாள். காலை எட்டு மணிக்குள் இரண்டாயிரத்து முந்நூறு வீடுகள் அதைத் தங்கள் ஃபோனில் இறக்கியிருந்தன.

சின்னவளுக்கு இது புதிது. இதற்கு முன் அவள் தனியாக உட்கார்ந்து கட்டிய மூன்று ஆப்களும் போணியாகவில்லை. பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று சொல்லும் ஆப்பை அவளும் அவளுடைய தோழியும் மட்டும்தான் பயன்படுத்தினார்கள். தோழியும் பிறகு ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள். புத்தகத்தைத் திருப்பித் தர நினைவூட்டும் ஆப்பை நூலகமே வேண்டாம் என்றுவிட்டது. மூன்றாவதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

நான்காவது, வீட்டுத் தேவையில் பிறந்தது. அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை ஆன பிறகு காலையில் மட்டும் ஏழு மாத்திரை. கொடுக்க மூன்று பேர்: நர்ஸ் வேலைக்குப் போகும் பெரியவள், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அப்பா, வேலையை விட்டுவிட்டு லேப்டாப்போடு மாரடிக்கும் சின்னவள். “நீ கொடுத்தியா, நான் கொடுக்கட்டுமா” என்று கேட்டுக் கேட்டே காலைப் பொழுது ஓடிவிடும். அம்மாவோ கையில் வைத்ததை வாயில் போட்டுக்கொள்வாள். எது எதற்கு என்று கேட்கிற தெம்பு அப்போது அவளுக்கு இல்லை. அதற்காகச் சின்னவள் ஒரு பொத்தான் செய்தாள். மாத்திரை கொடுத்தவர் அதை அழுத்தினால் மூன்று பேர் ஃபோனிலும் ‘கொடுக்கவில்லை’ என்ற சிவப்பு பச்சையாகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அது வீட்டில் வெள்ளோட்டமாக ஓடிக்கொண்டிருந்த நாளில்தான், ஐந்து வாரத்துக்கு முன், அந்தச் சம்பவம் நடந்தது. ரத்த அழுத்த மாத்திரையைப் பெரியவள் கொடுத்துவிட்டு டியூட்டிக்குப் போயிருந்தாள். அப்பா மறுபடியும் கொடுத்துவிட்டார். அம்மா குளியலறையில் தலைசுற்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஃபோனைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன் என்றார் அப்பா. மதியம் அவர் ஃபோனை வாங்கிப் பார்த்தால், பெரியவள் கொடுத்த நேரத்தோடு பச்சையாக இருந்தது.

மறுநாளே அப்பா கார்ச் சாவியை டிரைவிங் ஸ்கூல் முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். முப்பத்தொரு வருஷ வேலை. முதலாளி வீடு தேடி வந்து கெஞ்சியபோது அவர் சொன்னது ஒன்றுதான். “பச்சையைச் சிவப்புன்னு பார்த்தவன், நாளைக்கு ரோட்டுல சிவப்பைப் பச்சைன்னு பார்க்க மாட்டேனா?”

இன்று நாலு மணிக்கு அவருக்கு ஞாபகசக்தி டாக்டரிடம் பரிசோதனை. ஏற்பாடு செய்தது பெரியவள்.

“நாலு மணிக்கு நீ கூட வரியா, அக்கா வராளா?” அப்பா ஹாலில் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி கேட்டார்.

“நானே வரேன்ப்பா.”

“உனக்கு வேலை இருக்குமே. இப்பதான் உன் ஆப் நல்லா ஓடுதுன்னு அக்கா சொன்னா.”

“ஓடட்டும்பா. அதுபாட்டுக்கு ஓடும்.”

சொல்லிவிட்டுத்தான் அவள் அன்றைய மின்னஞ்சல்களைத் திறந்தாள். பாராட்டுகள் வரிசையாக நின்றன. ஒருவர், தன் மாமியார் முதல்முறையாகத் தன்னைத் திட்டாமல் மாத்திரை போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தார். சின்னவள் சிரித்தாள். அதற்குக் கீழே தலைப்பே இல்லாமல் ஒரு கடிதம் இருந்தது.

‘நான் தையல் வேலை செய்கிறேன். என் தம்பி வாட்ச்மேன். நாங்கள் இருவரும்தான் எங்கள் அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கிறோம். முந்தாநாள் சர்க்கரை மாத்திரையைத் தம்பியும் கொடுத்து நானும் கொடுத்துவிட்டோம். என் ஃபோனில் கொடுக்கவில்லை என்று இருந்தது. சர்க்கரை இறங்கி அப்பா நினைவில்லாமல் போய்விட்டார். நேற்று மாலை கண் விழித்தார். சண்டைக்காக எழுதவில்லை. என்ன என்று பாருங்கள்.’

கீழே ஒரு ஃபோன் எண்.

சின்னவள் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து அந்த எண்ணை அழைத்தாள்.

எடுத்த பெண்ணின் குரல் களைத்திருந்தது. பின்னால் யாரோ இருமினார்கள்.

“நான்தாங்க அந்த ஆப்பைச் செஞ்சவ. அப்பா இப்ப எப்படி இருக்கார்?”

“கஞ்சி குடிச்சார். இன்னும் ரெண்டு நாள் வச்சிருப்பாங்களாம்.” பிறகு, “நீங்களே கூப்பிடுவீங்கன்னு நினைக்கலை. ஏதோ பெரிய கம்பெனின்னு நினைச்சேன்,” என்றாள்.

“கம்பெனி எல்லாம் இல்லைங்க. நான் ஒருத்திதான். அன்னிக்கு என்ன நடந்ததுன்னு சொல்ல முடியுமா?”

“தம்பி டியூட்டி முடிஞ்சு காலையில வந்து கொடுத்திருக்கான். எங்க வீட்டுல பின்கட்டுல சிக்னல் எடுக்காது. அங்கதான் அப்பா படுத்திருப்பார். தம்பி கொடுத்துட்டு, அழுத்திட்டு, அங்கேயே தூங்கிட்டான். நான் கடையிலேருந்து வந்து பார்த்தேன். சிவப்பா இருந்தது. கொடுத்துட்டேன்.”

“தம்பி எழுந்ததும் என்ன சொன்னார்?”

“அழுத்தினேன், அழுத்தினேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டான்.” அவள் குரல் உடைந்தது. “நான் நம்பலைங்க. செஞ்ச தப்பை மறைக்கப் பொய் சொல்றான்னு கை நீட்டிட்டேன். இருபத்தாறு வயசுப் பையனை. அப்புறம் அவன் ஃபோனைத் திறந்து காட்டினான். அவன் சொன்ன நேரம் அதுல அப்படியே இருந்தது.”

‘அவன் சொன்ன நேரம்’ என்று சின்னவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

“கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்றாள். ஆனால் அவள் காதில் அப்போது கேட்டது தையல்காரப் பெண்ணின் குரல் இல்லை. ஐந்து வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில், சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போடாமல் நின்றுகொண்டு, “சிவப்பாத்தாம்மா இருந்தது” என்று சொன்ன அப்பாவின் குரல்.

தன் ஃபோனையும் பழைய ஃபோன் ஒன்றையும் மேசைமேல் அருகருகே வைத்தாள். ஒன்றில் சிக்னலை அணைத்துவிட்டு ‘கொடுத்தாச்சு’ என்று அழுத்தினாள். அது பச்சையானது. மற்றது சிவப்பாகவே கிடந்தது. அது சரிதான், சிக்னல் இல்லாத ஃபோன் எப்படிச் செய்தி அனுப்பும்? ஆனால் ‘இது இன்னும் மற்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை’ என்று அழுத்தியவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ‘ஒரு ஃபோனிலிருந்து தகவல் வரவில்லை, கேட்டுவிட்டுக் கொடுங்கள்’ என்று மற்றவருக்கும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் அவள் எழுதவே இல்லை. எல்லாரும் எப்போதும் சிக்னலில்தான் இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

சிக்னலைத் திரும்பப் போட்டாள். இரண்டாவது ஃபோன் பச்சையானது. அதில் காட்டிய நேரம், செய்தி வந்து சேர்ந்த நேரம் இல்லை, அழுத்திய நேரம். பின்னால் பார்க்கிறவருக்கு, ஆரம்பத்திலிருந்தே பச்சையாகத்தான் இருந்தது என்று தோன்றும்.

அவள் சர்வரில் பழைய பதிவுகளைத் திறந்தாள். வெள்ளோட்ட நாட்கள். அம்மா விழுந்த தேதி.

அக்கா அழுத்தியது காலை 7.52. சர்வருக்கு வந்து சேர்ந்தது 11.40.

அன்று காலை வீட்டில் கரண்ட் இல்லை, வைஃபையும் இல்லை. டேட்டாவை அணைத்தே வைத்திருக்கும் பெரியவள், அழுத்திவிட்டு ஓட்டமாக ஓடி, வார்டின் லாக்கரில் ஃபோனைப் போட்டுப் பூட்டிவிட்டாள். பதினொன்றரைக்கு மேல் டீ குடிக்க வெளியே வந்து டேட்டாவைப் போட்டபோதுதான் அதற்குச் சிக்னல் கிடைத்திருக்கிறது. அப்பா பால்கனியில் நின்று ஃபோனைப் பார்த்தது 8.45க்கு.

சிவப்பாகத்தான் இருந்திருக்கிறது.

அம்மா விழுந்த வாரத்தில் சின்னவள் ஆப்பில் ஒரு திருத்தமும் செய்திருந்தாள். வயதானவர்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று பச்சை எழுத்தைப் பெரிதாக்கினாள். அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டவும் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, “இப்ப நல்லாத் தெரியுதும்மா” என்றார்.

பதினோரு மணிக்கு அவள் ‘கொடுத்தாச்சா?’வை நிறுத்தினாள். சும்மா நிறுத்தினால் போதாது. நேற்றைய பச்சையை இன்றையது என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். திறந்தவுடன் திரை முழுக்க ஓர் அறிவிப்பு மட்டும் வரும்படி செய்தாள். ‘சிறு தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்றுதான் முதலில் எழுத வந்தது. அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். தையல்காரப் பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இதில் எது சிறுசு? அழித்துவிட்டு எழுதினாள்:

‘இந்த ஆப்பை நம்பி மாத்திரை கொடுக்காதீர்கள். கொடுத்த பிறகும் கொடுக்கவில்லை என்று இது காட்டியிருக்கிறது. ஒருவருக்கு ஆபத்தும் ஆகியிருக்கிறது. தவறு என்னுடையது. உங்கள் வீட்டில் யாராவது “நான் சரியாகத்தான் பார்த்தேன்” என்று சொல்லியிருந்தால், அவர்கள் சொன்னது உண்மையாக இருக்கலாம்.’

கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படித்துவிட்டு வெளியிட்டாள்.

பதிவுகளைச் சலித்ததில் அதே மாதிரி தாமதமாகச் செய்தி சேர்ந்து இரண்டு முறை அழுத்தப்பட்ட வீடுகள் இன்னும் பத்தொன்பது இருந்தன. ஒவ்வொன்றாக ஃபோன் செய்ய ஆரம்பித்தாள். ஒருவர் வெறும் வைட்டமின் மாத்திரைதான் என்று சிரித்தார். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார்; அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். ஓர் அம்மாள், “அப்ப என் மருமக மேல தப்பில்லையா?” என்று கேட்டாள்.

இரண்டரை மணிக்குப் பெரியவள் டியூட்டி முடிந்து வந்தாள். அம்மா கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தார். சின்னவள் அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னாள். 7.52. 11.40. 8.45.

பெரியவள் தண்ணீர் குடிக்க எடுத்த டம்ளரைக் குடிக்காமலே வைத்தாள்.

“எங்கிட்ட மூணு தடவை சொன்னார்டி. சிவப்பா இருந்தது, சிவப்பா இருந்ததுன்னு. நோயாளி சொல்றதை முதல்ல காதுல வாங்குன்னுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. ஊர்ல இருக்கற நோயாளி சொல்றதெல்லாம் கேக்கறேன். அவர் சொன்னதை மட்டும் கேக்கலை.”

“தப்பு என்னுதுக்கா.”

“உன்னுதுதான். நான் இல்லைன்னு சொல்லலையே.” அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் சின்னவளுக்கு வலித்தது. “ஆனா டாக்டர்கிட்ட நாள் வாங்கினது நான். அவருக்கு மறதி வருதுன்னு சொன்னது நான். அப்பாகிட்ட எப்ப சொல்லப்போறே?”

“இப்பவே. டெஸ்டுக்கு முன்னாடி.”

“அவருக்காகச் சொல்லப்போறியா, உன் நெஞ்சுப் பாரம் இறங்கணும்னு சொல்லப்போறியா?”

சின்னவள் யோசித்தாள். “ரெண்டும்தான்.”

“சரி. அப்ப அழாமச் சொல்லு. நீ அழுதா அவர் உன்னைத் தேத்த ஆரம்பிச்சுடுவார். அவர் கோபப்படறதுக்குக்கூட இடம் இல்லாமப் போயிடும்.”

அதற்குள் வெளியே கதவு திறக்கும் சத்தம். இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பா செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். எங்கே போவதானாலும் அரைமணி முன்னால் கிளம்புகிற மனிதர்.

பேருந்தில் உட்கார ஒரே ஓர் இடம்தான் கிடைத்தது. அப்பா உட்கார்ந்தார்; அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திருப்பியபோது அப்பாவின் வலது கால் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரின் காத்திருப்பு அறையில் இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள். சத்தமில்லாமல் ஓடும் டிவி. அவர்களுக்கு டோக்கன் பதினாலு. உள்ளே பதினொன்று.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

சொன்னாள். அழாமல் சொன்னாள். தையல்காரப் பெண்ணின் கடிதம், இரண்டு ஃபோனை வைத்துச் செய்த சோதனை, அக்கா அழுத்திய நேரம், அது வந்து சேர்ந்த நேரம், எல்லாவற்றையும். அப்பா, கார் கற்றுக்கொள்ள வந்தவர் எங்கே தப்புச் செய்கிறார் என்று கவனிக்கிறவர் போல, நேரே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப அன்னிக்குச் சிவப்பாத்தான் இருந்ததா?”

“சிவப்பாத்தான்பா இருந்தது.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

“அன்னிக்கு நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?”

“இருக்குப்பா.”

“சொல்லு.”

“‘ஃபோன் தப்பாச் சொல்லாதுப்பா’ன்னு சொன்னேன்.”

“ம்.”

டோக்கன் பன்னிரண்டை அழைத்தார்கள். ஒரு கிழவரும் அவர் மகனும் எழுந்து போனார்கள்.

“அஞ்சு வாரம்,” என்றார் அப்பா. “அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுக்கக்கூடக் கை வரலை. அது தண்ணிதானான்னு மோந்து பார்த்துட்டுக் கொடுத்தேன். என் கையையே நான் நம்பாம இருந்தேன்.”

“மன்னிச்சுடுங்கப்பா.”

“இப்பக் கேக்காதே. இப்பக் கேட்டா, பொண்ணாச்சேன்னு சரின்னுடுவேன். எனக்கு இன்னும் கோபமே முழுசா வரலை. அது வரட்டும்.”

அவள் தலையாட்டினாள். ஆப்பை நிறுத்திவிட்டதையும் பத்தொன்பது வீடுகளையும் பற்றிச் சொன்னாள். எத்தனை பேரிடம் பேசியாயிற்று என்று கேட்டார். பன்னிரண்டு என்றாள். மீதியை எப்போது என்றார். வீட்டுக்குப் போனதும் என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“வாங்கப்பா, வீட்டுக்குப் போயிடலாம்,” என்று அவள் எழுந்தாள். “இந்த டெஸ்டே வேண்டாம். நீங்க நாளைக்கே வேலைக்குப் போகலாம். நானே முதலாளிகிட்ட வந்து சொல்றேன்.”

அப்பா எழுந்திருக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அந்த ஐந்து வாரமும் செய்ததையெல்லாம் நேரம் போட்டு அதில் எழுதி வைத்திருக்கிறார் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. கேஸ் அணைத்தது, கதவு பூட்டியது, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசியது. நெருக்கி நெருக்கி எழுதிய எழுத்து. மூன்று பக்கங்களின் ஓரம் மடிக்கப்பட்டிருந்தது. அதில் ஒன்றைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

‘மாலை 5.10. மருந்துக் கடைக்குப் போய் வந்தேன். கடைக்காரர் மகளுக்குக் கல்யாணமாம்.’

“இது என் கையெழுத்துதான்,” என்றார். “கடைக்காரரைக் கேட்டேன். நான் வந்தேன், பேசினேங்கறார். நான் போனதே எனக்கு ஞாபகம் இல்லை. இந்த மாதிரி மூணு இருக்கு. இதுக்கும் உன் ஆப்புக்கும் சம்பந்தம் இல்லை.”

சின்னவள் மெல்ல உட்கார்ந்தாள்.

“பயத்துல இருந்தா அப்படி ஆகும்பா. தூக்கம் இல்லாட்டியும் ஆகும். அக்காவே சொல்லியிருக்கா. நான்தானே உங்களைப் பயமுறுத்தி வச்சேன்.”

“ஆகலாம். அதைத்தான் கேட்டுட்டு வரப்போறேன்.” நோட்டைப் பைக்குள் வைத்தார். “ரோட்டுல பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருப்பா. அவ உசுரு என் காலடி பிரேக்குல இருக்கும். நீ சொன்னதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துல சாவியைக் கையில எடுத்துட முடியுமா?”

டோக்கன் பதினாலை அழைத்தார்கள். அவள் கூடவே எழுந்தாள். அப்பா கையமர்த்தினார்.

“நீ இரு. பக்கத்துல இருந்து நீ பதில் எடுத்துக் கொடுப்பே. நான் தனியாப் போறேன்.”

கதவு சாத்திக்கொண்டது. நாற்பது நிமிஷம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் வெளியே படிக்கட்டில் நின்று பதின்மூன்றாவது வீட்டுக்கு ஃபோன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பதினாலாவது வீட்டில் எடுத்தார்கள், பேசிவிட்டு வந்தாள். அறையில் பாதி நாற்காலிகள் காலியாகிவிட்டன. பெரியவளிடமிருந்து ‘சொன்னியா?’ என்று செய்தி வந்தது. ‘சொன்னேன்’ என்று பதில் போட்டாள்.

ஒரு மணி நேரம் கடந்தது.

கதவைத் திறந்துகொண்டு உள்ளிருந்த நர்ஸ் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவளிடம் வந்து குனிந்தார்.

“டெஸ்ட் முடிஞ்சது. உங்களை உள்ளே வரச் சொல்றாங்க.”

“டாக்டரா?”

“இல்லைம்மா. உங்க அப்பா.”